முதியோர் இல்லத்தை அளக்கும் கோல் எது?



நம்மில் பலர் இன்று முதியோர் இல்லங்களுக்கு நன்கொடை வழங்குகின்றோம். பெற்றோரின் நினைவு நாளில் ஒருவேளை உணவளிக்கின்றோம். சிலர் தம் உறவினரையே அங்குச் சேர்த்திருக்கின்றனர். நாளை நாமே அங்குச் செல்ல நேரலாம். ஆயினும் “இந்த இல்லம் நல்ல இல்லமா?” என்னும் வினாவிற்கு எதனைக் கொண்டு விடை காண்பது என்பதை நாம் எண்ணிப் பார்த்ததுண்டா? இவ்வினா நிர்வாகத்தைப் பற்றியது போல் தோன்றும். ஆழ்ந்து நோக்குங்கால் இஃது அகிம்சையைப் பற்றிய வினா என்பது புலப்படும். அவ்வாறு நான் உணர்ந்தது என் பிழையொன்றின் வாயிலாக. ஆதலின் அப்பிழையிலிருந்தே தொடங்குகின்றேன்.

நான் எழுதிய அறிக்கை

சில ஆண்டுகளுக்கு முன், இராசிபுரம் செல்லும் சாலையை ஒட்டிய ஓர் இல்லத்தைப் பார்த்து வருமாறு எங்கள் சமுதாயத்தார் என்னைக் கேட்டுக்கொண்டனர். மாத நன்கொடை அளிக்கலாமா, பிள்ளையற்ற நம் சமயத்து மூதாட்டி ஒருவரை அங்குச் சேர்க்கலாமா என்று முடிவு செய்ய வேண்டியிருந்தது. “நீங்கள் ஆசிரியப் பணியில் இருந்தவர், குறை நிறை காணத் தெரிந்தவர்” என்றனர். அச்சொல் எனக்கு மகிழ்வாகவே இருந்தது.

சொல்லி வைத்த நாளில், முற்பகலில் சென்றேன். தரை பளிச்சென்று இருந்தது. கட்டில்களில் வெளுத்த விரிப்புகள். சமையலறையில் ஈ இல்லை. மருந்துப் பெட்டியில் ஒவ்வொருவர் பெயரும் ஒட்டப்பட்டிருந்தது. இறுதியாக நிர்வாகி, “உங்கள் சமயத்தார் இரவில் உண்ணமாட்டார்கள் அல்லவா? இங்கும் மாலை ஐந்தரை மணிக்கே உணவை முடித்துவிடுகின்றோம். அதன்பின் யாருக்கும் ஒன்றும் கிடையாது” என்றார். இரவுண்ணாமை நோன்பைப் பிறரும் போற்றுகின்றனரே என்று நான் உள்ளம் குளிர்ந்தேன். நிறைவான அறிக்கை எழுதினேன். நன்கொடை தொடங்கியது. மூதாட்டியும் சேர்க்கப்பட்டார்.

மூன்று திங்கள் கழித்து, மகாவீரர் ஜயந்தியை அடுத்து அவரைப் பார்க்கச் சென்றேன். பேருந்து தாமதமானதால் இரவு ஏழரை மணிக்குத்தான் சேர்ந்தேன். வெயில் தணியாத சித்திரை இரவு. அவர் கட்டிலில் படுத்திருந்தார். உதடுகள் வெடித்திருந்தன. இடக்கை கிழிந்த சேலைத் துண்டினால் கட்டிலோடு பிணைக்கப்பட்டிருந்தது. தண்ணீர்க் குவளை சன்னலின் மேல், கைக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. அடுத்த கட்டிலிலிருந்த முதுமகள் என் முந்தானையைப் பற்றி, “அம்மிணி, ஒரு வாய் தண்ணி குடு” என்றார்.

பொறுப்பிலிருந்த ஆயாவை அழைத்துக் கேட்டேன். அவர் அழுதுவிட்டார். “இருபத்தெட்டுப் பேருக்கு ராத்திரியில நான் ஒருத்திதாம்மா. தண்ணி குடுத்தா படுக்கை நனையும். எந்திரிச்சு நடந்து விழுந்துட்டா என்னைத்தான் கேப்பாங்க” என்றார். மாலை ஐந்தரை முதல் காலைத் தேநீர் வரும் ஆறரை வரை பதின்மூன்று மணி நேரம் அம்முதியோர் தண்ணீரின்றிக் கிடந்தனர். நான் நோன்பெனப் போற்றியது அதனைத்தான்!

ஆய்வு நாளும் மற்ற நாளும்

ஆசிரியர் பயிற்சி பெற்றபோது எங்களுக்குக் கற்பித்த முதற் பாடம் ஒன்றுண்டு. வகுப்பின் தரத்தை முதல் வரிசையில் கைதூக்கும் மாணவனைக் கொண்டு அளக்காதே. கடைசி வரிசையில் வாய்திறவாது இருப்பவனிடம் செல் என்பதே அது. ஆய்வாளர் வரும் நாளில் பள்ளி எவ்வாறு மாறும் என்பதும் ஆசிரியர் எவர்க்கும் தெரியும். சுவருக்கு வெள்ளை அடிப்பர், படங்களை மாட்டுவர், நன்றாகப் படிக்கும் பிள்ளைகளை முன்னே அமர்த்துவர். ஆய்வாளர் காண்பது பள்ளியை அன்று, பள்ளி தன்னைப் பற்றிச் சொல்ல விரும்புவதை.

இவ்வளவும் அறிந்திருந்தும் நான் கட்டிலையும் தரையையும் பார்த்தேனேயன்றிக் கடைசிக் கட்டிலில் இருந்தவரின் நாவைப் பார்க்கவில்லை.

மேலைநாட்டார் இவ்வகையில் பலவாறு முயன்றுள்ளனர். அமெரிக்க மருத்துவ அறிஞர் அவெடிஸ் டொனபீடியன் 1966ஆம் ஆண்டில் பராமரிப்பின் தரத்தை அளக்க மூன்று படிகளை வகுத்தார். கட்டடம், கருவி, ஆட்கள் ஆகிய அமைப்பு ஒன்று. நாள்தோறும் செய்யப்படும் செயல்முறை இரண்டு. அதனால் நோயாளி அடையும் விளைவு மூன்று. நான் அளந்தது முதற்படியை மட்டுமே. கட்டில் இருந்தது, அக்கட்டிலில் நேர்ந்தது வேறாக இருந்தது. இங்கிலாந்தில் பீட்டர் டவுன்செண்ட் என்னும் சமூகவியலறிஞர் 173 இல்லங்களைச் சென்று கண்டு, 1962இல் ‘கடைசிப் புகலிடம்’ என்று பொருள்படும் பெயரில் நூல் வெளியிட்டார். தூய்மையான இல்லங்களிலும் முதியோர் தனிமையில் வாடுவதையும், தமக்கென ஓர் அலமாரியோ தமக்கென ஒரு முடிவோ இன்றி வாழ்வதையும் அவர் உலகிற்கு எடுத்துக் காட்டினார்.

இவை பயனுள்ளவை. எனினும் நமக்கு வீட்டிலேயே ஒரு கோல் இருக்கின்றது. நாம் அதனை எடுத்து நீட்டியதில்லை.

நம் சமவெளியின் நிலை

இவ்வில்லங்கள் நம் பகுதியில் ஏன் பெருகின என்பதையும் சுருக்கமாக எண்ணுவோம். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி இந்தியாவில் அறுபது வயதைக் கடந்தோர் 10 கோடிக்கும் மேல். நாட்டளவில் அவர்கள் நூற்றுக்கு 8.6 பேர், தமிழகத்தில் 10.4 பேர். சேலம், நாமக்கல் பகுதியிலோ தொழிலே மக்களை ஊரைவிட்டு அனுப்புவதாக உள்ளது. நாமக்கல்லின் லாரிகளும் திருச்செங்கோட்டின் ஆழ்துளைக் கிணற்று வண்டிகளும் நாடெங்கும் செல்கின்றன. அவற்றோடு மகன்களும் செல்கின்றனர். படித்தவர் பெங்களூருக்கும் அயல்நாடுகளுக்கும் செல்கின்றனர். மற்றொன்றையும் ஓர் ஆசிரியையாகக் கண்டிருக்கின்றேன். விடுதிப் பள்ளிகளுக்குப் பெயர்பெற்ற பகுதி இது. நல்ல மதிப்பெண்ணுக்காக இளம் பிள்ளையை விடுதியில் விட்டுவிட்டு, “பணம் கட்டிவிட்டோம், அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்” என்று பெற்றோர் திரும்பினர். முப்பது ஆண்டு கழித்து அதே சொல்லைப் பிள்ளை சொல்கின்றான். இதனை வசையாகக் கூறவில்லை. அன்பை நிறுவனத்திடம் ஒப்படைக்கலாம் என்று கற்பித்தவர்கள் நாமும்தாம் என்பதற்காகக் கூறுகின்றேன்.

சட்டமும் உண்டு. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007இல் இயற்றப்பட்டது. முதியோரைக் கைவிடுவோர்க்கு மூன்று மாதம் வரை சிறையும் ஐயாயிரம் ரூபாய் வரை தண்டமும் அச்சட்டத்தில் உள்ளன. மாவட்டந்தோறும் ஆதரவற்ற முதியோர் 150 பேராவது தங்கத்தக்க இல்லம் அமைப்பது பற்றியும் அது பேசுகின்றது. ஆயினும் சன்னலின் மேலுள்ள குவளையைக் கைக்கு எட்டும் இடத்தில் வைக்க எச்சட்டத்தாலும் இயலாது. அது வைப்பவரின் அறத்தைப் பொறுத்தது.

ஐந்து அதிசாரங்கள்

தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயத்தில் உமாசுவாமிகள் அகிம்சை அணுவிரதத்திற்கு ஐந்து அதிசாரங்களைக் கூறுகின்றார். கட்டுதல், அடித்தல், உறுப்பை அறுத்தல், மிகுபாரம் ஏற்றுதல், உணவும் நீரும் தடுத்தல் என்பன அவை. நாம் இவற்றைக் கால்நடைக்கு உரியவையாகவே படித்துவந்தோம். எருதைக் கட்டாதே, வண்டியில் பாரம் ஏற்றாதே என்று குழந்தைகளுக்கும் கற்பித்தோம். அந்த இரவில் பேருந்து நிறுத்தத்தில் அமர்ந்திருந்தபோது இவ்வைந்தும் ஒவ்வொன்றாக என் நினைவிற்கு வந்தன. தம் துன்பத்தைச் சொல்ல இயலாத உயிர் எதுவாயினும் இவ்வைந்தே அதற்கு நேரும் தீங்குகள்.

முதலாவது கட்டுதல். கயிறும் சேலைத் துண்டும் கண்ணுக்குத் தெரியும் கட்டுகள். பூட்டிய வாயிற்கதவும் ஒரு கட்டே. தேவையின்றித் தரப்படும் தூக்க மாத்திரை கண்ணுக்குத் தெரியாத கட்டு. “விழாமல் காக்கவே கட்டுகின்றோம்” என்பர். கட்டப்பட்டுக் கிடப்பவரின் தசை தளர்கின்றது. அவிழ்த்த அன்று அவர் முன்னினும் எளிதில் விழுகின்றார். அசையாது கிடப்பவர்க்குப் படுக்கைப் புண்ணும் உண்டாகின்றது. தாமே புரள இயலாதவரை இரண்டு மணிக்கொருமுறை திருப்பிப் படுக்க வைப்பது செவிலியர் நெடுங்காலமாகக் கைக்கொண்டு வரும் முறை. ஆதலின் இல்லத்திற்குச் செல்வோர் விரிப்பின் வெண்மையைப் பார்த்துத் திரும்பலாகாது. முதுகிலும் குதிகாலிலும் புண் உண்டா என்று கேட்டல் வேண்டும்.

இரண்டாவது அடித்தல். கையால் அடிப்பது அரிதாகலாம். சொல்லால் அடிப்பது நாள்தோறும் நிகழ்வது. நாற்பது ஆண்டு ஒரு குடும்பத்தை நடத்தியவரை “ஏய் கிழவி” என்று விளிப்பதும், படுக்கை நனைந்ததைப் பலர்முன் சொல்லி நகைப்பதும் அடியே.

மூன்றாவது அறுத்தல். இதற்கு முதியோர் இல்லத்தில் என்ன இடம் என்று வியப்பீர்கள். பல இல்லங்களில் பேன் பற்றும், வாருவதற்கு நேரமில்லை என்று கூறி மூதாட்டியரின் கூந்தலை ஒட்ட வெட்டிவிடுகின்றனர். நம் முனிவர்கள் தம் கேசத்தைத் தாமே களைகின்றனர், அது தவம். விரும்பாத ஒருத்தியின் தலையைப் பிறர் வசதிக்காக மழிப்பது சேதம். இரண்டிலும் நீங்குவது முடிதான். ஆயினும் ஒன்றில் உரியவரின் உள்ளம் உடன்படுகின்றது. மற்றதில் அவ்வுள்ளம் கேட்கப்படவே இல்லை.

நான்காவது மிகுபாரம் ஏற்றுதல். என்னை மிகவும் வருத்தியது இதுவே. இங்கே பாரம் சுமந்தவர் யார்? இருபத்தெட்டுப் பேரை ஒற்றையாளாய்க் காத்த அந்த ஆயா. அவர் கொடியவர் அல்லர். இரவெல்லாம் விழித்திருந்து, விடிந்தபின் தம் வீட்டுச் சமையலுக்கு ஓடுபவர். மிகுபாரம் ஏற்றிய எருது வழியில் படுத்துவிடும். மிகுபாரம் ஏற்றிய மனிதர் தமக்குக் கீழிருப்பவர் மீது அப்பாரத்தை இறக்குவர். அவர் கட்டிய சேலைத் துண்டின் மறுமுனை நிர்வாகியின் கையில் இருந்தது. அதற்கப்பால், குறைந்த செலவில் புண்ணியம் தேட விரும்பிய நம் போன்ற நன்கொடையாளர் கையிலும் இருந்தது. அன்னதானத்திற்குப் பணம் தருவோர் பலர். இரவுக் காவலுக்கு மற்றொருவரை நியமிக்க ஊதியம் தருவோர் எத்தனை பேர்? ஓர் இல்லத்தை அளக்கப் புகுவோர், இரவில் எத்தனை பேருக்கு ஒருவர், அவர் ஊதியம் என்ன, அவருக்கு ஓய்வு நாள் உண்டா என்று கேளாராயின் அவர்தம் அளவை பாதியளவே.

ஐந்தாவது உணவும் நீரும் தடுத்தல். முதுமையில் தாக உணர்வு குறையும். சிறுநீரகத்தின் நீர்காக்கும் ஆற்றலும் தளரும். கேளாதிருப்பவர்க்கும் நீர் கொடுக்க வேண்டிய பருவம் அது. கேட்டும் கொடாதபோது மலச்சிக்கல், சிறுநீர்ப்பாதை நோய், மனக்குழப்பம் ஆகியன வரும். அக்குழப்பத்தைக் கண்டு, “இவருக்குப் புத்தி பேதலித்துவிட்டது” என்று மீண்டும் கட்டுவர். ஐந்தாம் அதிசாரம் முதலாம் அதிசாரத்தில் கொண்டுபோய் விடுகின்றது.

மூன்று மறுப்புகள்

இதற்குச் சிலர் மறுப்புரைக்கலாம். தீங்கு செய்யும் எண்ணம் அங்கு யாருக்கும் இல்லையே, பின் இதனை இம்சை எனலாமா என்பது முதல் மறுப்பு. நம் ஆகமம் இம்சையை வரையறுக்கும்போது பிரமாதம் என்னும் சொல்லை முன்வைக்கின்றது. பிரமாதமாவது விழிப்பின்மை, கவனக்குறைவு. கொல்லும் எண்ணம் மட்டுமன்று, கவனியாமையும் இம்சைக்கு வாயில். அவ்வாறாயின் அந்த முற்பகலில் கவனியாமல் கையொப்பமிட்ட நானும் அதற்கு உடன்பட்டவளே.

முதுமைத் துன்பம் அவரவர் வேதனீய கர்மத்தின் பயன், அதனை யார் மாற்ற இயலும் என்பது இரண்டாம் மறுப்பு. அவர் வினை அவருடையது, மெய்தான். அவ்வினை பயன்தரும் நேரத்தில் குவளையைத் தூர வைத்த கை நம்முடையது. அக்கைக்கும் ஆஸ்ரவம் உண்டு. பிறர் வினையைக் காரணங்காட்டி நம் கடமையிலிருந்து நீங்குவது நமக்குப் புதிய வினையையே சேர்க்கும்.

மூன்றாவது நுட்பமானது. உணவைத் துறப்பது நமக்குப் பெருந்தவம் ஆயிற்றே; சல்லேகனை மேற்கொள்வோர் நீரையும் விடுகின்றனரே என்பர். சல்லேகனை குற்றமாகும் என்று இராசசுதான் உயர்நீதிமன்றம் 2015 ஆகஸ்டில் தீர்ப்பளித்தபோது நாடெங்கும் சமணர் அமைதியாக ஊர்வலம் சென்றதும், அம்மாத இறுதியிலேயே உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை நிறுத்திவைத்ததும் நினைவிருக்கும். அன்று நாம் எதனை வலியுறுத்தினோம்? தெளிந்த அறிவோடு, தம் விருப்பால், குருவின் இசைவோடு மேற்கொள்வதே சல்லேகனை என்றோம். அவ்வேறுபாட்டை நாமே முதலில் காத்தல் வேண்டும். தானே விடுவது துறவு. பிறர் தடுப்பது அதிசாரம். இரவுண்ணாமையும் அவ்வாறே. நோன்பேற்றவர் விடுத்த நீர் நோன்பு. நோன்பறியாத இருபத்தெழுவரிடமிருந்து பறித்த நீர் பாவம். அன்று நான் மயங்கியது இவ்விடத்தில்தான். செயலின் வடிவம் நம் சமயத்ததாய் இருந்தமையால் அதன் உயிர் எங்கே என்று வினவாமல் விட்டேன்.

தீமை இன்மை போதுமா?

ஐந்தும் இல்லாத இல்லம் குற்றமற்ற இல்லம். அது நல்ல இல்லம் ஆவதற்கு நம் முன்னோர் வகுத்த நான்கு தானங்களே போதிய அளவை. ஆகார தானம் வயிற்றுக்கு. ஔடத தானம் நோய்க்கு. சாத்திர தானம் அறிவுக்கு. கண் மங்கியவர்க்கு யாரேனும் படித்துக் காட்டுகின்றனரா, கோயிலுக்கோ மசூதிக்கோ தேவாலயத்திற்கோ செல்ல விரும்புபவர் அழைத்துச் செல்லப்படுகின்றனரா என்று பார்க்கலாம். அபய தானம் யாவற்றினும் பெரிது. அங்கிருப்பவர் எவருக்கும் அஞ்சாமல் ஒரு குறையைச் சொல்ல இயலுமா? நிர்வாகி அருகில் வரும்போது அவர் குரல் தாழ்கின்றதா? இதனைப் பார்த்தாலே பெரும்பகுதி விளங்கிவிடும்.

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்து முதியோர் இல்லம் ஒன்றில் எலன் லாங்கர், ஜூடித் ரோடின் என்னும் உளவியலறிஞர் இருவர் செய்த ஆய்வு 1976இல் வெளிவந்தது. ஒரு தளத்து முதியோரிடம், “உங்கள் அறையை எவ்வாறு வைத்துக்கொள்வது என்பது உங்கள் பொறுப்பு” என்று கூறி, வளர்ப்பதற்குச் செடியும் கொடுத்தனர். மற்றத் தளத்தில் செடிக்குப் பணியாளரே நீர் ஊற்றினர். மூன்று வாரத்திற்குள்ளேயே முதல் தளத்தார் அதிகச் சுறுசுறுப்பும் மகிழ்வும் உடையவராயினர். உயிர் தன் செயலைத் தானே தேர்ந்து செய்ய விரும்புவது. முதுமை அவ்விருப்பத்தை அழிப்பதில்லை.

பணி செய்வோர்க்கும் நம்மிடம் ஓர் உவமை உண்டு. நற்காட்சியின் எட்டு உறுப்புகளுள் அருவருப்பின்மைக்கு உத்தாயன மன்னனைச் சான்றாகக் காட்டுவர். நோயுற்ற முனிவர் வடிவில் வந்த தேவன் உண்டதை மன்னன் மீதே வாந்தியெடுத்தான். மன்னன் முகம் சுளிக்காமல் கழுவிவிட்டு, தான் அளித்த உணவு ஒவ்வாததாயிற்றே என்று தன்னையே நொந்தான். நனைந்த படுக்கையைக் கண்டு, “இவர் ஏன் இப்படிச் செய்தார்?” என்று கேட்பது உலக வழக்கு. “நாம் எதில் தவறினோம்?” என்று கேட்பது உத்தாயனன் வழி. இத்தகைய தொண்டாகிய வையாவிருத்தியத்தை ஆறு அகத்தவங்களுள் ஒன்றாக ஆகமம் வைத்துள்ளது. தவத்தைக் கூலி குறைந்த ஒருத்தியிடம் தள்ளிவிட்டு நாம் பூசைக்குச் செல்வது பொருந்துமா?

செய்யத்தக்கன

2018 பிப்ரவரியில் காஞ்சிபுரம் மாவட்டம் பாலேசுவரத்தில் இருந்த ஓர் இல்லத்தைப் பற்றிய செய்தி தமிழகத்தை உலுக்கியது. அவ்வில்லத்து வண்டியில் ஓர் இறந்த உடலோடும் காய்கறி மூட்டைகளோடும் முதியோரும் ஏற்றிச் செல்லப்பட்டது வெளிப்பட்டது. நடத்தியோர் குற்றச்சாட்டுகளை மறுத்தனர். அங்கிருந்தோர் பலர் வேறிடங்களுக்கு மாற்றப்பட்டனர். நான் அதிலிருந்து கொள்வது ஒன்றே. வண்டிக்குள்ளிருந்து ஒரு மூதாட்டி எழுப்பிய குரல் சாலையில் சென்றோர் செவியில் விழுந்ததால்தான் உலகம் அறிந்தது. குரல் செவியில் விழும் தொலைவில் நாம் இருப்பதே முதற் கடமை.

எங்கள் சமுதாயத்தார் முன் நான் எழுந்து, என் அறிக்கை பிழையானது என்று கூறினேன். இல்லத்தை விட்டு நீங்குவோம் என்றனர் சிலர். நீங்கினால் நம்மவர் ஒருவர் தப்புவார், மற்றையோர் நிலை என்ன என்றேன். இரவுக்கு இன்னும் ஒருவரை நியமிக்கும் ஊதியத்தை நாங்கள் ஏற்றோம். கட்டும் வழக்கத்தை நிர்வாகி கைவிட இசைந்தார். ஒவ்வொரு கட்டிலருகிலும் எட்டும் உயரத்தில் மூடியிட்ட குவளை வைக்கப்பட்டது. இக்குடும்பம் இவ்வாரம் என்று முறைவைத்து, சொல்லாமல், பெரும்பாலும் அந்திக்குப் பின் சென்று வருகின்றோம். மாற்றம் நடைபெற ஒரு மாதத்திற்கு மேலாயிற்று. என் முந்தானையைப் பற்றித் தண்ணீர் கேட்ட முதுமகள் அதற்குள் இயற்கை எய்தினார். அவர் பெயரை அன்று நான் கேட்கவில்லை. பின்னரே அறிந்தேன்.

அன்பர்களே, அடுத்தமுறை ஓர் இல்லத்திற்குச் செல்லுங்கால் மூன்றே செயல் செய்யுங்கள். வாயிலுக்கு மிகத் தொலைவிலுள்ள கட்டிலுக்கு முதலில் செல்லுங்கள். அங்கிருப்பவரின் பெயரைக் கேளுங்கள். தண்ணீர் எங்கே இருக்கின்றது என்று பாருங்கள். குறை கண்டால் நிர்வாகியிடம் சொல்லுங்கள். பயனில்லையேல் 14567 என்னும் முதியோர் உதவி எண்ணில் தெரிவியுங்கள். கண்டும் வாளாவிருத்தல் நமக்கு உரியதன்று.

எவ்வுயிர்க்கும் அபயம் பெருகுக! அறம் வளர்க!